பரணில் ஒரு திருமேனி: சொல்வதா, விடுவதா, யாரிடம் சொல்வது?

அடுத்தவர் வீட்டுப் பரணில் சாக்கில் சுற்றிய பழைய செப்புத் திருமேனி ஒன்றைப் பார்த்துவிட்டால் என்ன செய்வது? காவிரிப் படுகையில் இது கற்பனைக் கேள்வி கிடையாது. வயரிங் வேலைக்கு மச்சில் ஏறுகிறவர், வெள்ளையடிக்க வந்தவர், இடிக்கப்போகும் வீட்டின் தேக்குக் கதவுக்கு விலை பேச வந்த பழைய சாமான் வியாபாரி, வாடகைக்குக் குடிவந்தவர், புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகள் என்று இந்தப் பக்கம் யார் கண்ணிலும் படக்கூடியது அது. பார்த்த மாத்திரத்தில் "நமக்கெதுக்கு வம்பு" என்று ஒரு மனசு சொல்லும். "சாமியைப் போய் இப்படிச் சாக்குல சுத்தி வச்சிருக்காங்களே" என்று இன்னொரு மனசு பதறும். இரண்டையும் கேட்டு முடிவெடுக்கக் கூடாது என்பது என் கட்சி. அந்தச் சிலை எந்த வழியாக அந்த வீட்டுக்கு வந்திருக்கும் என்று ஓரளவாவது பிடிபட்ட பிறகுதான் சொல்வதா வேண்டாமா என்ற பேச்சே.

வந்த வழிகள்

முதலில் யோசிக்க வேண்டியது சுவாமிமலை. மெழுகில் உருவம் பிடித்து, காவிரி வண்டலைப் பூசி, சுட்டு, உலோகம் ஊற்றி எடுக்கும் ஸ்தபதிகள் கும்பகோணத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். சோழர் பாணியில் நடராஜர், சோமாஸ்கந்தர், சிவகாமி என்று கேட்டதைச் செய்து தருவார்கள். பழசு போலத் தோற்றம் வேண்டும் என்றால் அதுவும் கிடைக்கும். அதனால் பச்சைக் களிம்பைப் பார்த்து வயசைச் சொல்ல முடியாது. அமிலம் தடவியும் களிம்பை வரவழைக்கலாம்.

சாக்கில் சுற்றி வைத்திருப்பதும் தனியாக ஒன்றையும் நிரூபிக்காது. பெரிய விக்கிரகம் வீட்டில் இருந்தால் தினப்படி பூஜை, நைவேத்தியம் குறையக் கூடாது என்பார்கள். பாட்டி இருந்தவரை நடந்தது, பிறகு செய்ய ஆளில்லை, குற்றம் வந்துவிடக் கூடாதே என்று சுற்றி மேலே ஏற்றிவிட்ட குடும்பங்கள் உண்டு. விரல் உடைந்த பின்னத் திருமேனியைப் பூஜையில் வைக்கவும் மனசு வராது, ஆற்றில் விடவும் மனசு வராது.

இன்னொன்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. கதவு பலமில்லாத, காவலாள் இல்லாத சின்னக் கிராமக் கோயிலின் உற்சவரைக் குருக்கள் வீட்டிலோ தர்மகர்த்தா வீட்டிலோ வைத்துத் திருவிழாவுக்கு மட்டும் எடுத்துவரும் வழக்கம் இருந்தது. ஊரே அறிந்த விஷயமாக இருக்கும். பார்த்த நீங்கள் மட்டும் திடுக்கிட்டிருப்பீர்கள். ஆனால் இந்த வழக்கமே பிற்பாடு திருட்டுக்கும் நல்ல திரை. குருக்கள் காலமாகி, பிள்ளைகள் சென்னைக்குப் போய், கோயில் பூட்டிக் கிடந்தால் அந்தச் சிலை யாருடையது என்று சொல்ல ஆளிருக்காது.

முறையாக வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். நூறு வருஷத்துக்குக் குறையாத சிற்பம், ஓவியம் போன்றவை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும். அச்சட்டம் 1976-ல் நடைமுறைக்கு வந்தது. தனியார் ஒரு பழஞ்சிலையை வைத்திருப்பதை அது தடுக்கவில்லை. பதிவு செய்யச் சொல்கிறது. பதிவுச் சான்றிதழ் இருக்கும் வீட்டைப் பற்றிப் போய்ச் சொன்னால் சொன்னவருக்குத்தான் சங்கடம்.

பிறகு மண். மாலிக் காபூர் படை 1311-ல் தெற்கே வந்த காலத்தையொட்டிக் கோயில்காரர்கள் திருமேனிகளைப் புதைத்தார்கள். புதைத்தவர்களில் பலர் திரும்பி வந்து எடுக்கவில்லை. 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்குப் பள்ளம் தோண்டியபோது இருபதுக்கும் மேற்பட்ட திருமேனிகளும், தேவாரம் பொறித்த நானூறுக்கும் மேற்பட்ட செப்பேடுகளும் வந்தன. அது கோயில் மதிலுக்குள், எல்லார் கண்ணெதிரிலும் நடந்தது. அதே மண்வெட்டி வீட்டுக் கொல்லையில் 'ணங்' என்று முட்டியிருந்தால் எத்தனை பேர் வெளியே சொல்லியிருப்பார்கள்?

கடைசியாகத் திருட்டும் மோசடியும். மோசடி என்று ஏன் சேர்க்கிறேன் என்றால், இரிடியம் கலசம், ரைஸ் புல்லிங் (அரிசியை இழுக்கும் அபூர்வச் செம்பு என்ற கதை), கோடிக்கணக்கில் விலைபோகும் ஐம்பொன் சிலை என்று ஆசை காட்டிப் பணம் பிடுங்கும் கூட்டம் நம் மாவட்டங்களில் ஓய்ந்தபாடில்லை. பரணில் இருப்பது நாலாயிரம் ரூபாய்ப் பித்தளையாகவும், வீட்டுக்காரர் அதற்கு நாலு லட்சம் தொலைத்து வெளியே சொல்ல வெட்கப்பட்டு ஒளித்து வைத்தவராகவும் இருக்கலாம்.

பேசாமல் விட்டுவிடுவது

பெரும்பாலானவர்கள் செய்வது இதுதான். இதைக் கோழைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். சட்டப்படி பார்த்தாலும், அடுத்தவர் வீட்டில் சந்தேகப்படும்படி ஒரு பொருளைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பது மட்டுமே உங்களைக் குற்றவாளி ஆக்காது. எங்கே மாறும் என்றால், "தம்பி, ஒரு கை பிடிச்சு வண்டியில ஏத்துப்பா" என்று கூப்பிடும்போது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணமிருந்தோ அதை மறைக்கவும் இடம் மாற்றவும் உதவுவது பாரதிய நியாய சன்ஹிதாவில் தனிக் குற்றம். 3 ஆண்டு வரை சிறை. பழைய தண்டனைச் சட்டத்திலும் இதே நிலைதான். இரண்டாயிரம் ரூபாய் கூடக் கூலி தருகிறார்கள் என்று சாக்கைத் தூக்கியவர், பார்த்தவர் என்ற இடத்திலிருந்து உடந்தை என்ற இடத்துக்கு ஒரே எட்டில் போய்விடுகிறார். பேசாமல் இருக்க முடிவெடுத்தால் கையையும் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும்.

வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இந்தத் தெரிவு இன்னும் சிக்கலானது. சொன்னால் வேலை போகும். சொல்லாமல் விட்டு, நாளைக்கு அந்தச் சிலை காணாமல் போனால் முதல் சந்தேகம் அவர் மேல்தான் விழும். வயரிங்காரருக்கும் அதே கதி. இவர்களுக்கு ஒன்று சொல்வேன்: சாக்கை அவிழ்க்காதீர்கள், தொடாதீர்கள், திருட்டுத்தனமாகப் போட்டோ எடுக்காதீர்கள். வீட்டுக்காரரின் போன் நம்பரோடு உங்கள் கைப்பேசியில் ஒரு சிலைப் படம் இருப்பது, பிறகு விஷயம் வெடித்தால், உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

வீட்டுக்காரரிடமே கேட்பது

கேட்பதில் இரண்டு விதம் உண்டு. "அம்மா, மேல ஒரு சிலை இருக்கே, ஒயர் இழுக்கணும், நகர்த்தி வைக்கவா?" என்று வேலையோடு வேலையாகக் கேட்பது ஒன்று. "அது எங்க மாமனார் சுவாமிமலையில செய்யச் சொல்லி வாங்குனது தம்பி, பாத்து நகர்த்து" என்று பதில் வந்தால் முக்கால்வாசி சந்தேகம் அங்கேயே கரைந்துவிடும். முகம் மாறி, "அதெல்லாம் நீ பாக்காதே, நாளைக்கு வா" என்றால் அதுவும் ஒரு பதில்தான். "இது எங்கேருந்து வந்தது, பில் இருக்கா?" என்று துருவுவது மற்ற விதம். உண்மையிலேயே திருட்டுப் பொருளாக இருந்தால், அப்படிக் கேட்ட ராத்திரியே சாக்கு வேறு ஊருக்குப் போயிருக்கும்.

ஆனால் மண்ணிலிருந்து வந்த பொருள் என்று தெரிந்தால் நான் இந்த வழியைத்தான் முதலில் வைப்பேன். இங்கே 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் வருகிறது. மண்ணில் மறைந்திருந்து கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்: என்ன கிடைத்தது, எங்கே, எப்போது. பத்து ரூபாய் என்பது அந்தக் காலத்துக் கணக்கு, இன்றைக்கும் மாறவில்லை. தெரிவிக்காதவருக்கு ஓராண்டு வரை சிறை, அதோடு பங்கும் போகும். பயமுறுத்தும் இந்தப் பாதியைத்தான் ஊரில் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். மற்றப் பாதி பலருக்குத் தெரியாது: உரிமை கோர ஆளில்லாத புதையலில் கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் பங்கு உண்டு. அவர்களுக்குள் வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் கண்டெடுத்தவருக்கு முக்கால், நிலத்துக்காரருக்குக் கால். அரசு அதை எடுத்துக்கொள்வதானால் பொருளின் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும். கடத்தல்காரன் காட்டும் தொகையோடு ஒப்பிட்டால் இது சில்லறை, கைக்கு வரவும் நாளாகும் என்று நினைக்கலாம். ஆனால் கண்டெடுத்தவருக்குக் கடத்தல்காரன் தருவதும் சில்லறைதான். பத்தூர் கதை அதற்குச் சாட்சி.

1976-ல் பத்தூரில் ஒரு கூலித் தொழிலாளி மண் வெட்டியபோது நடராஜர் கிடைத்தார். அவர் விற்றது சொற்பக் காசுக்கு. பல கை மாறி 1982-ல் லண்டனில் ஒரு கனடா நிறுவனம் அதை வாங்கியபோது விலை இரண்டரை லட்சம் பவுண்டு. ஸ்காட்லாந்து யார்டு கைப்பற்ற, லண்டன் நீதிமன்றத்தில் வழக்கு நடந்து, பத்தூர் விசுவநாதசுவாமி கோயிலின் உரிமையே மேலானது என்று தீர்ப்பாகி, 1991-ல் சிலை திரும்பி வந்தது. இடிந்து கிடந்த கோயில் என்றாலும் அதன் சுவாமிக்கு வழக்காடும் உரிமை உண்டு என்று இங்கிலாந்து நீதிபதிகள் ஒப்புக்கொண்ட வழக்கு அது. கொல்லையில் கிடைத்தது கொல்லைக்காரனுக்கே சொந்தம் என்று வாதாடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அந்தக் கொல்லை ஒரு காலத்தில் கோயில் இடமாக இருந்திருந்தால் புதையல் பங்கே கேள்விக்குறியாகலாம்.

எனவே வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டியபோது சிலை கிடைத்து, வீட்டுக்காரர் பயத்தில் மறைத்து வைத்திருக்கிறார் என்றால், அவரையே சொல்ல வைப்பதுதான் நல்லது. "மாமா, நாமளே வி.ஏ.ஓ. கிட்டச் சொல்லித் தாசில்தார் ஆபீஸ்ல ஒப்படைச்சிடலாம், அப்புறம் வேற யாராவது சொன்னா நம்ம மேல கேஸ்" என்று ஒரு சொந்தக்காரர் சொன்னால் எடுபடும். வெளியாள் போய் மொட்டைக் கடுதாசி போட்டால் புதையல் என்று முடிந்திருக்க வேண்டியது வழக்காகிவிடும்.

வெளியே சொல்வதென்றால்

கிராம நிர்வாக அலுவலர், தாசில்தார் வழி புதையலுக்குப் பொருத்தம். சிலை கருவூலத்துக்குப் போகும், பிறகு அருங்காட்சியகமோ கோயிலோ என்று முடிவாகும். திருட்டுக்கு அது பொருந்தாது. வி.ஏ.ஓ.வுக்குக் காலையில் சொன்னது டீக்கடைக்கு மதியம் வந்துவிடும் என்பது அவர் குறையில்லை, கிராமத்தின் இயல்பு.

அறநிலையத் துறையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு ஒவ்வொரு கோயிலுக்கும் சொத்துப் பதிவேடு இருக்க வேண்டும் என்கிறது. அதில் நகை, பாத்திரங்களோடு திருமேனிகளின் விவரமும் இடம்பெற வேண்டும். குருக்கள் வீட்டில் இருக்கும் உற்சவர் விஷயத்தில் முதலில் கதவைத் தட்ட வேண்டிய இடம் செயல் அலுவலரோ சரக ஆய்வரோதான். "எங்க ஊர்ச் சிவன் கோயில் உற்சவர் இப்ப எங்க இருக்கார்?" என்று ஊர்க்காரர் ஒருவர் கேட்பதில் யார் மேலும் பழி இல்லை. தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். துறையின் திருமேனிப் பாதுகாப்பு மையத்தில் இருக்கிறது என்ற பதில் வந்தால் சரி. திருவாரூர் மையத்தில் மட்டும் ஆயிரக்கணக்கான திருமேனிகள் இருக்கின்றன. பதிவேட்டில் இருக்கிறது, ஆனால் யாரிடம் என்று தெரியவில்லை என்றால் பரணில் பார்த்ததற்கு அர்த்தமே மாறிவிடுகிறது.

உள்ளூர்க் காவல் நிலையமா, சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவா என்ற ஒப்பீட்டில் எனக்குத் தயக்கமே இல்லை. 1983-ல் இதற்கென்றே தொடங்கிய பிரிவு அது. பழஞ்சிலையையும் பித்தளைப் பொம்மையையும் பிரித்துப் பார்க்க யாரைக் கூப்பிட வேண்டும் என்று அங்கே தெரியும். கும்பகோணத்திலேயே இவ்வழக்குகளை நடத்தும் நீதிமன்றமும் இருக்கிறது. சிலைக் கடத்தலில் சிக்கிய நியூயார்க் கலைப்பொருள் வியாபாரி சுபாஷ் கபூருக்கு 2022 நவம்பரில் 10 ஆண்டு சிறை விதித்தது அங்கேதான். வீட்டில் இருக்கும் பொருள் பற்றிய ரகசியத் தகவலை அவர்கள் குப்பையில் போடுவதில்லை என்பதற்கும் உதாரணம் உண்டு: 2021 டிசம்பர் இறுதியில் தஞ்சாவூரில் ஒரு வீட்டைப் பற்றி வந்த அப்படிப்பட்ட தகவலைத் தொடர்ந்துதான் வங்கி லாக்கரிலிருந்து பச்சைக்கல் லிங்கம் ஒன்று வெளியே வந்தது. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டும் என்றும் சொல்லவில்லை. கண்டெடுத்த சிலைகளை விற்றதாகப் போலீஸ் அதிகாரிகள் மீதே வழக்குப் பதிவான செய்தியையும் 2017-ல் படித்தோம். ஆகவே யாரிடம் சொன்னாலும் எழுத்தில் சொல்லி, தேதியுள்ள ஒப்புகையோ பதிவுத் தபால் ரசீதோ வைத்துக்கொள்வது நல்லது.

தகவல் வேறு, புகார் வேறு. புகார் என்றால் உங்கள் பெயரும் கையெழுத்தும் முதல் தகவல் அறிக்கையில் வரும். தகவல் என்றால் "இன்ன ஊரில், இன்ன தெருவில், இன்ன உயரத்தில் ஒரு சிலை, பீடத்தில் எழுத்து இருக்கிறது" என்று தெரிவித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். குற்றத் தகவல் எங்கிருந்து வந்தது என்று போலீஸ் அதிகாரியை நீதிமன்றத்தில் கட்டாயப்படுத்திச் சொல்லவைக்க முடியாது என்று சாட்சியச் சட்டமே சொல்கிறது. பொய்த் தகவலுக்குத் தண்டனை உண்டு, ஓராண்டு வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம்; ஆனால் பொய் என்று தெரிந்தே சொன்னவருக்குத்தான் அது. சந்தேகத்தைச் சந்தேகமாகவே எழுதியவர் அஞ்ச வேண்டியதில்லை. "சிலை கடத்தும் குடும்பம்" என்று எழுதினால் அவதூறு. "பரணில் சாக்கில் சுற்றிய சிலை பார்த்தேன்" என்று எழுதினால் தகவல்.

சந்தேகம் பாதியில் நின்றால்

எதுவும் தெளிவில்லாத நிலைதான் அதிகம். அப்போது நாலு நாள் பொறுத்து, கண்ணில் பட்டதை ஞாபகப்படுத்திப் பார்க்கலாம். பீடத்தில் வீதியுலாவுக்குத் தண்டு செருகத் துளையோ வளையமோ இருந்ததா? அப்படியானால் அது உற்சவராகச் செய்யப்பட்டது, அல்லது அதன் நகல். அபிஷேகத்தில் மூக்கும் விரலும் தேய்ந்திருந்ததா? பீடத்தில் பழைய எழுத்து உண்டா? எல்லாவற்றையும்விட மோசமான அடையாளம், பீடத்திலிருந்து ரம்பம் போட்டு அறுத்த புதுத் தடம். பூஜைக்கு வைத்திருக்கிறவர் யாரும் சாமியைக் காலில் அறுக்க மாட்டார்.

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1956-லிருந்து கோயில் கோயிலாகப் போய் எடுத்த படங்கள் லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. கொள்ளிடத்துக்கு வடக்கே ஸ்ரீபுரந்தான் நடராஜர் வழக்கில் கை கொடுத்தது அந்தத் தொகுப்புதான். 2006-ல் களவு போன அந்தச் சிலை 2008-ல் ஆஸ்திரேலிய தேசியக் காட்சியகத்துக்கு விற்கப்பட்டது. பழைய படத்தோடு ஒத்துப்போனதால் மறுக்க முடியாமல் 2014-ல் திரும்பியது. இதில் நமக்கு வேண்டிய விஷயம் வேறு. பூஜையற்றுப் பூட்டிக் கிடந்த அந்தக் கோயிலில் சிலை போனதே 2008-ல் அதிகாரிகள் வந்து கதவைத் திறந்தபோதுதான் ஊருக்குத் தெரிந்தது. ஆகவே "எந்த ஊரிலும் திருட்டுப் புகார் இல்லையே, அப்போ இது நல்ல சிலைதான்" என்ற சமாதானத்துக்கு மதிப்புக் குறைவு. சுற்று வட்டாரத்தில் பூட்டிக் கிடக்கும் கோயில்கள் எவை, அவற்றின் உற்சவர் எங்கே என்று விசாரிப்பதே பயனுள்ளது. சுவாமிமலையில் தெரிந்த ஸ்தபதி இருந்தால், வீட்டைச் சொல்லாமல், பார்த்ததை மட்டும் விவரித்துக் கேட்கலாம். ஆயுதம் பிடித்திருக்கும் விதம், கிரீடத்தின் வேலைப்பாடு என்று அவர் கேட்கும் நாலு கேள்வியிலேயே பாதி தெளியும்.

மருமகள் நிலைமைக்கு நேரான பதில் என்னிடம் இல்லை. புகுந்த வீட்டின் மேல் தகவல் கொடு என்று சொல்வது சுலபம், வாழப்போவது அவர்தான். புருஷனிடம் முதலில் பேசுவது, அவருக்கே தெரியாமல் இருக்கலாம் என்ற வாய்ப்பைக் கொடுப்பது, சிலை வீட்டை விட்டு வெளியே போகும் பேச்சு வந்தால் மட்டும் அடுத்த வழியை யோசிப்பது என்று படிப்படியாகத்தான் போக முடியும்.

அப்பா காலமான பிறகு பூட்டிய அறையைத் திறந்து சிலையைக் கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு மட்டும் தெரிவு ஒன்றுதான். அது வரை அவருக்குத் தெரியாது. பார்த்த நிமிஷத்திலிருந்து தெரியும். விற்க ஆள் தேடினாலும், தம்பிக்குப் பாகம் பிரித்துக் கொடுத்தாலும், லாக்கரில் வைத்தாலும் அப்பாவின் காரியம் இவருடையதாகிவிடும். பதிவுச் சான்றிதழோ வாங்கிய ரசீதோ வீட்டில் இருக்கிறதா என்று அப்பாவின் பெட்டியை ஒரு முறை நன்றாகத் தேடிவிட்டு, இல்லையென்றால் ஒரு வக்கீலை வைத்து, கிடைத்த நாள், இடம், உடனிருந்தவர்கள் விவரத்தோடு மனு எழுதி ஒப்படைத்துவிட வேண்டும். இப்போது சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்பது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருக்கிறது. தானாக ஒப்படைக்கும்போதும் அதைப் படமெடுக்கச் சொல்லிக் கேட்கலாம்.